வந்துகொண்டே இருப்பவர்களை யார் விசாரிப்பது?

சபை நிகழ்ச்சிகளால் விசுவாசிகள் உண்மையில் வளர்கிறார்களா என்று யாராவது கேட்டால், கேட்டவரின் விசுவாசம்தான் குளிர்ந்துவிட்டதோ என்று பார்ப்பது நம் சபைகளின் வழக்கம். கூட்டத்துக்கு வராதவர்கள்தான் கூட்டத்தைக் குறை சொல்வார்கள் என்பது பொதுவான எண்ணம். நான் வருகிறவள். ஓய்வுநாள் பாடசாலையில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன், மாதர் சங்கத்தில் பொறுப்பு வகித்திருக்கிறேன், இப்போதும் சபையின் செயற்குழுவில் இருக்கிறேன். ஆகவே வெளியே நின்று கல்லெறிவது என் நோக்கமல்ல. என்னிடம் படித்த ஒரு பிள்ளை சொன்ன சில வார்த்தைகள் மனத்தை விட்டு அகலவில்லை. அவற்றோடு நான் நடத்திவரும் வழக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜாலான் சுல்தான் அப்துல் சமாட் என்ற ஒரே சாலையில் லுத்தரன், மெதடிஸ்ட், கத்தோலிக்க ஆலயங்கள் எல்லாம் எட்டி நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. எந்த ஆலயத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்த்தாலும் இடமில்லாமல் தாள்கள் ஒட்டியிருக்கும். எங்கள் சபையும் அப்படித்தான். நவம்பரில் செயற்குழு கூடி அடுத்த ஆண்டு நாட்காட்டியை நிரப்பும். முதல் சனிக்கிழமை உபவாச ஜெபம், வெள்ளிதோறும் வீட்டுக்கூட்டம், லெந்து காலத் தியானங்கள், விடுமுறை வேதாகமப் பள்ளி, வாலிபர் முகாம், அறுப்பின் பண்டிகை, டிசம்பரில் கேரல் பவனி. வெள்ளைப் பலகையில் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு நிறத்தில் கட்டம் போடுவோம். எந்தக் கட்டமும் காலியாக இல்லையென்றால் திருப்தியோடு ஜெபித்துக் கலைவோம். அதில் இருக்கும் உழைப்பு சாதாரணமானதல்ல. வெள்ளிக்கிழமை மாலை ஃபெடரல் நெடுஞ்சாலையின் நெரிசலில் ஊர்ந்து வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் வேலைச் சட்டையோடு கூட்டத்தில் உட்காரும் மனிதர்களை எனக்குத் தெரியும். அவர்களை அங்கே வரவழைப்பது அன்புதான். அந்த அன்புக்கு நாம் கொடுத்திருக்கும் வேலை சரியானதா என்பதுதான் என் கேள்வி.

வராமல் இருந்திருந்தால்

அந்தப் பிள்ளையின் பெயரை எழுதப்போவதில்லை. பள்ளி நாட்களிலிருந்தே ஆராதனைக் குழுவில் கிதார் வாசித்தவன். சபையில் எது நடந்தாலும் அவன் இருப்பான். முகாமில் கூடாரம் கட்டுவான், கேரல் பவனியில் வேன் ஓட்டுவான், கூட்டம் முடிந்தால் நாற்காலிகளை மடித்து அடுக்கிவிட்டுக் கடைசியாக விளக்கை அணைப்பான். மற்ற பிள்ளைகளுக்கு அவனைத்தான் முன்மாதிரியாகக் காட்டுவோம். ஒரு நாள் வாலிபர் தலைவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினான்: இனி வர மாட்டேன், தேட வேண்டாம். பதறிப்போய் இருவர் உடனே அவன் வீட்டுக்குப் போனார்கள். அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பினார்கள். நான் போகவில்லை. சில வாரங்கள் கழித்து, வேலை முடிந்ததும் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துப் பக்கம் வா என்று எழுதினேன். வந்தான்.

மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் தமிழ் முஸ்லிம் உணவகத்தில் உட்கார்ந்திருந்தோம். தே தாரிக் தேநீரின் நுரையைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டே இருந்தானே தவிர குடிக்கவில்லை. இடது கை விரல் நுனிகள் இன்னும் காய்த்துப்போயிருந்தன. வீட்டில் வாசிக்கிறான் போலிருக்கிறது. வேலை, அம்மாவின் சர்க்கரை, வாடகை என்று சுற்றி வந்தோம். அதன் பிறகுதான் கேட்டேன்: "தம்பி, ஜெபிக்கிறாயா?"

வெகு நேரம் பதில் இல்லை. பிறகு, "இந்தக் கேள்வியைக் கடைசியாக என்னிடம் கேட்டதும் நீங்கள்தான் டீச்சர். திடப்படுத்தல் வகுப்பில்" என்றான். அப்பா இறந்ததிலிருந்து ஜெபிக்க முடியவில்லையாம். வாய் திறந்தால் கோபம்தான் வருகிறதாம். அப்பாவின் அடக்கம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சபை ஒரு குறையும் வைக்கவில்லை. சமைத்துக் கொடுத்தோம், கார்கள் ஏற்பாடு செய்தோம், நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு வீடு கொள்ளாத கூட்டம். அடக்கம் முடிந்த இரண்டாம் ஞாயிறே அவன் மேடையில் வந்து வாசித்தான். எவ்வளவு திடமான விசுவாசம் என்று அவனைச் சாட்சியாகச் சொன்னார்கள். அன்றுதான் தனக்குள் ஏதோ மூடிக்கொண்டது என்றான். அதற்குப் பிறகு சொன்ன வார்த்தைகள்தான் இவை:

"நான் எந்தக் கூட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை டீச்சர். வராமல் இருந்திருந்தால் யாராவது தேடி வந்திருப்பார்கள். வந்துகொண்டே இருந்ததால் யாரும் கேட்கவில்லை."

இதில் குற்றச்சாட்டின் தொனிகூட இல்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் எங்கள் சபையின் அமைப்பு முழுவதும் அதில் அடங்கியிருந்தது. தொடர்ந்து வராதவர்கள் பட்டியல் எங்களிடம் உண்டு, அவர்களைச் சந்திக்க ஒரு குழு உண்டு. நோயாளிகளுக்கு ஒரு குழு, வயதானவர்களுக்கு வீட்டில் நற்கருணை கொடுக்க ஒரு ஏற்பாடு. வந்து, உழைத்து, பாடி, நாற்காலி மடிக்கிறவனுக்கு எதுவும் இல்லை. அவன் வருகையே அவன் நலமாக இருக்கிறான் என்பதற்கு அத்தாட்சி என்று எடுத்துக்கொள்கிறோம். ஒருவன் தன் ஆத்துமாவை ஒளித்துவைக்க விரும்பினால், மும்முரமான சபையைவிட வசதியான இடம் கிடைக்காது.

அன்றிரவு லூக்கா 15ஆம் அதிகாரத்தை எடுத்தேன். நாம் அதிகமாகப் பிரசங்கிப்பது தூரதேசம் போன இளைய மகனைப் பற்றி. திரும்பி வந்த தம்பிக்கு விருந்தா என்று கோபித்து வெளியே நின்ற மூத்தவனைக் கடிந்துகொள்வதோடு பெரும்பாலும் பிரசங்கம் முடிந்துவிடும். ஆனால் அந்த உவமையில் தகப்பன் வீட்டைவிட்டு இரண்டு முறை வெளியே வருகிறார். ஒரு முறை தூரத்தில் வருகிற மகனைக் கண்டு ஓடுகிறார். மறுமுறை, வீட்டைவிட்டு எங்கும் போகாத மகனுக்காக விருந்தை விட்டு எழுந்து வருகிறார். "தகப்பனோ வெளியே வந்து, அவனை வருந்தியழைத்தான்" என்கிறது வேதம். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று அந்த மகன் பேசுவதைப் பொறாமையின் குரலாக மட்டுமே கேட்டுப் பழகியிருக்கிறோம். ஊழியத்தின் நடுவிலேயே தகப்பனைத் தொலைத்துவிட்டவனின் குரலாகவும் அது எனக்குக் கேட்டது. அவனிடமும் தகப்பன் வந்தார், நின்றார், பேச விட்டார். நம் நாட்காட்டியில் அதற்கு எந்தக் கட்டமும் இல்லை.

ஒரு பெரிய சபையின் கணக்கு

இந்த விஷயத்தைப் பேசும்போது பலரும் அமெரிக்காவின் வில்லோ க்ரீக் சபையைச் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. 1975இல் சிகாகோ அருகே தொடங்கிய அந்தச் சபை, நிகழ்ச்சிகளால் வளர்ந்த சபைகளுக்கே மாதிரியாக நின்றது. உலகெங்கும் போதகர்கள் அதைப் பார்த்துத் தங்கள் சபைகளை அமைத்துக்கொண்டார்கள். அந்தச் சபையே 2004இல் தன் மக்களிடம் ஆய்வு தொடங்கி, வேறு சில சபைகளையும் சேர்த்து, 2007இல் முடிவை வெளியிட்டது. நிகழ்ச்சிகளில் அதிகமாகப் பங்கெடுப்பதால் மட்டும் கிறிஸ்துவின்மேல் உள்ள அன்பு அதிகரித்துவிடவில்லை. விசுவாசத்தின் தொடக்க நிலையில் கூட்டங்கள் கைகொடுத்தன, போகப்போக அவற்றின் பலன் மங்கியது. தேங்கிவிட்டோம் என்றோ, சபை எங்களுக்குப் போதவில்லை என்றோ சொன்னவர்களில் ஆழமான விசுவாசமும் அதிக உழைப்பும் கொண்டவர்களும் இருந்தார்கள். 2011இல், 1,000 சபைகளில் 250,000 பேர் வரை ஆய்வு விரிந்தபோது, வளர்ச்சிக்கு எல்லாவற்றையும்விடத் துணைசெய்தது வேதத்தை வாசித்துத் தியானிப்பதே என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இந்த ஆய்வைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கச் சொல்ல மாட்டேன். மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னதை வைத்துச் செய்த கணக்கு அது. உண்மையாகவே வளர்கிறவர் தன்னைக் குறைவாகத்தான் மதிப்பிடுவார். "அவனுக்குத் தெரியாதவிதமாய்" விதை முளைத்துப் பயிராகிறது என்று மாற்கு 4இல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். இருந்தாலும், நிகழ்ச்சிகளை நம்பி வளர்ந்த ஒரு சபை தனக்கு எதிரான முடிவைத் தானே பகிரங்கமாக வெளியிட்டதை மதிக்கிறேன். நம் சபைகளில் முகாம் முடிந்ததும் எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு செலவானது என்று அறிக்கை வாசிக்கிறோம். ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளைகளை யாரும் உட்காரவைத்துப் பேசுவதில்லை.

என் அம்மா வளர்ந்த விதம்

அப்படியானால் நிகழ்ச்சிகளே வேண்டாமா? என்னால் அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் என் அம்மா ஒரு நிகழ்ச்சியில் வளர்ந்தவர். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, எழுந்து ஓடி, வெயில் ஏறித் திரும்பி, மீண்டும் வீட்டு வேலை. நான்கு பேர் முன்னால் வாய் திறந்து பேசியறியாதவர். தோட்டத்து மாதர் கூட்டத்தில்தான் அவர் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினார், சத்தமாக ஜெபிக்கப் பழகினார். பின்னாளில் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், இந்து வீடாக இருந்தாலும், அம்மாவை ஜெபிக்கக் கூப்பிடுவார்கள். அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் அந்தப் பெண் உருவாகியிருக்க மாட்டார் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் அம்மா அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கூட்டத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. ஊழியக்காரம்மாவைப் பற்றித்தான் பேசுவார். குடையும் துணிப்பையுமாக பஸ்ஸில் வந்து இறங்கும் அந்த அம்மாள், கூட்டம் தொடங்குமுன் லயத்தில் வீடு வீடாக நுழைவாராம். அடுப்படியில் மணைபோட்டு உட்கார்ந்து அவர் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வாரம் எதற்காக அழுதாய்?" என்பதாம். அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற ஒரு வசனத்தை அங்கேயே வாசிக்கவைத்து, அதையே ஜெபமாகச் சொல்லவைப்பாராம். கூட்டத்தில் அம்மா சத்தமாக ஜெபித்த முதல் ஜெபம் அடுப்படியில் ஏற்கெனவே ஜெபித்த ஜெபம்தான். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு மாதர் கூட்டம். உள்ளே நடந்தது வேறு.

மெதடிஸ்ட் சபையின் பழைய கதை ஒன்றும் இதைத்தான் சொல்கிறது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் சபையார் கட்டடக் கடனை அடைக்க வழி தேடினார்கள். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும் என்றார் கேப்டன் ஃபாய் என்பவர். பலர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்று ஒருவர் சொல்ல, அப்படியானால் மிக ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், நான் வாரந்தோறும் அவர்களைப் பார்க்கிறேன், அவர்கள் கொடுக்காவிட்டால் நானே கொடுக்கிறேன் என்றார் அவர். கடனுக்காகத் தொடங்கிய ஏற்பாடு அது. ஆனால் வீட்டுப் படியேறியவர்கள் பணத்தை மட்டும் பார்க்கவில்லை. யார் எப்படி வாழ்கிறார்கள், எங்கே சறுக்குகிறார்கள் என்பதையும் கண்டுவந்து சொன்னார்கள். இதைத்தானே இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தோம் என்று வெஸ்லி பிடித்துக்கொண்டார். 1743இல் அவர் வகுத்த பொது விதிகளில், வகுப்பு என்று பெயர் பெற்ற அந்தச் சிறு குழுவின் தலைவர் தன் பொறுப்பில் உள்ள சுமார் பன்னிரண்டு பேரையும் வாரம் ஒரு முறையாவது பார்த்து, அவர்கள் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். விசாரிக்க ஆள் இருந்ததால் கடன் வசூல்கூட ஊழியமானது. நம்மிடம் ஜெபக்கூட்டமே இருக்கிறது, விசாரிக்க ஆளில்லை.

ஏன் ஆளில்லை என்பதற்கு என் பதில் கசப்பானது. விசாரிக்கத் தகுதியுள்ளவர்கள் அனைவரையும் நிகழ்ச்சி நடத்த அனுப்பிவிட்டோம். பக்குவமுள்ள ஒரு மூப்பர், துயரத்தைக் கடந்துவந்த ஒரு தாய், பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஒரு இளைஞர் என்று யாரை அடையாளம் கண்டாலும் உடனே அவர்களுக்கு ஒரு பொறுப்பு. அடுத்த வாரமே அவர்கள் ஒலிபெருக்கி வாடகைக்கும் உணவுப் பொட்டலத்துக்கும் ஃபோன் செய்துகொண்டிருப்பார்கள். 2020 மார்ச் 18இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஆலயக் கதவுகள் மூடியபோது, கட்டங்கள் எல்லாம் ஒரே நாளில் அழிந்தன. அந்த மாதங்களில் எங்கள் சபையில் சிலர் தினமும் ஒருவருக்கொருவர் ஃபோனில் ஒரு அதிகாரம் வாசித்துக்கொண்டார்கள். அந்த வழக்கம் இன்றுவரை நிற்கிறது. அதை எந்தக் குழுவும் ஏற்பாடு செய்யவில்லை. மற்றதெல்லாம் கதவு திறந்ததும் பழைய வேகத்தில் திரும்பிவிட்டது.

இன்னொன்றும் நம்மூருக்கே உரியது. மலாய் வழியில் நடக்கும் தேசியப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. திரையில் ஆங்கில எழுத்தில் போடும் தமிழ்ப் பாடல்களைக் கண்ணீரோடு பாடுவார்கள், தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் திணறுவார்கள். ஒரு பெண் தானாகவே வந்து, வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் டீச்சர் என்றாள். மத்தேயுவை எடுத்துக்கொண்டோம். "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே" என்பதை எழுத்தெழுத்தாகக் கூட்டி முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். மூன்றாம் முறை வாசித்தபின் புத்தகத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு, டயாலிசிஸுக்குப் போகும் தன் தாயாரைப் பற்றியும், வீட்டுக்குத் திரும்பவே பயமாக இருப்பதைப் பற்றியும் பேசத் தொடங்கினாள். ஆராதனையில் இதே வசனத்தை எத்தனையோ முறை கேட்டவள்தான். அங்கே அது அடுத்த பாடலுக்கு முன் வந்துபோன வசனம். இங்கே அதைத் தாண்டிப் போக அவளால் முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை

சென்ற நவம்பரில் செயற்குழுவில் ஒன்று கேட்டேன். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எந்தக் கூட்டமும் வேண்டாம். அன்று இரண்டிரண்டு பேராகப் போய், தவறாமல் சபைக்கு வருகிறவர்களின் வீட்டில் உட்காருவோம். எங்கள் மூத்த மூப்பர் ஒருவர் எதிர்த்தார். "வெள்ளிக்கிழமையைக் காலியாக விட்டால் மக்கள் பசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போவார்கள் அம்மா, வீடுகளுக்குப் போக மாட்டார்கள்" என்றார். கூட்டம் என்ற கட்டுப்பாடு இல்லாவிட்டால் நல்ல எண்ணங்கள் கரைந்துபோகும் என்பது அவர் அனுபவம். அது தவறில்லை. ஊழியக்காரம்மாவும் குறித்த நாளில், குறித்த பஸ்ஸில்தான் வந்தார். ஆகவே யார் எந்த வீட்டுக்கு என்று பட்டியல் போட்டோம். அதுவும் ஒரு நிகழ்ச்சிதானே என்று கேட்டால், ஆம், நிகழ்ச்சிதான். ஒரு மனிதர் இன்னொரு மனிதர் எதிரில் உட்காருவதற்காக மட்டும் இருக்கும் நிகழ்ச்சி.

தொடக்கம் சுலபமாக இல்லை. செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனபோது, கதவைத் திறந்த பெரியவரின் முகம் வாடிவிட்டது. "என்னம்மா விஷயம்? நான் எந்த ஞாயிறும் தவறவிடவில்லையே" என்றார். சபையிலிருந்து ஆள் வந்தால் ஏதோ குறை இருக்கிறது என்றுதான் அவருக்கு இத்தனை காலமும் தெரிந்திருக்கிறது. வேறெதற்கும் வரவில்லை ஐயா, உங்களைப் பார்க்கத்தான் வந்தோம் என்று சொல்லிப் புரியவைக்க நேரம் பிடித்தது. பிறகு அவர் பேசினார். பிரிந்துபோன மகளைப் பற்றி, அவள் பெயர் சொல்லி ஜெபிப்பதை எப்போது நிறுத்தினார் என்பதைப் பற்றி. நாங்கள் எழுந்தபோது, "அடுத்த மாதம் இங்கேயே வருவீர்களா, வேறு வீட்டுக்குப் போய்விடுவீர்களா?" என்று கேட்டார்.

பட்டியல்படி வேறு வீடு. வாரம் ஒரு முறை என்று வெஸ்லி வைத்ததற்கும் மாதம் ஒரு முறை சுற்றிவரும் எங்கள் ஏற்பாட்டுக்கும் உள்ள தூரம் அந்தக் கேள்வியில் தெரிந்தது. போக ஆள் போதவில்லை. கேரல் பவனி நடத்துகிறவர்களும் முகாம் நடத்துகிறவர்களும்தான் இந்த வீடுகளுக்கும் போக வேண்டும். அதனால் முகாமை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வைக்கலாம் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இளைஞர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. முகாமில்தான் நாங்கள் முதன்முதலாக மனம்விட்டு அழுதோம் என்கிறார்கள். அது உண்மை என்பதை நானே பார்த்திருக்கிறேன். அழுத பிறகு திரும்பி வந்தபோது யார் உங்களைப் பார்க்க வந்தார்கள் என்று அவர்களிடம் கேட்டேன். ஒருத்தி மட்டும் ஒரு பெயரைச் சொன்னாள். அது போதகரின் பெயரோ வாலிபர் தலைவரின் பெயரோ அல்ல. நாற்காலி மடித்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையின் பெயர். அவன் இன்னும் சபைக்குத் திரும்பவில்லை. மாமாக் கடைக்கு வருகிறான்.